ஓரத்தில் ஏன் குருவி பறக்குது? பைனாகுலரும் ஒரு மன்னிப்பும்

(ஒலி எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன எபிசோடில் பைனாகுலர் வாங்குவது பற்றிப் பேசினோம் இல்லையா, அதுக்கு அப்புறம் நிறையப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. "நடுவில் பார்த்தால் பளிச்சுன்னு இருக்கு, ஓரத்தில் மட்டும் கலங்கலா இருக்கு. என் பைனாகுலர் பழுதா?" இதே கேள்வியை நானும் ஒரு தடவை கேட்டிருக்கேன். சும்மா கேட்கலை. தி.நகரில் ஒரு கடை வாசலில் நின்னு, நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திக் கேட்டேன். இன்னிக்கு அந்தக் கதையையும் சொல்லிடறேன், அதுக்குப் பின்னால இருக்கிற ஒளியியலையும் சொல்லிடறேன். இரண்டும் ஒண்ணோடொண்ணு ஒட்டினது.

அப்போ எனக்கு வயசு 53. ஒரு 10x50 பைனாகுலர் வாங்கினேன். கடையிலேயே சோதிச்சேன். வெளியே வந்து, மத்தியான வெயிலில், எதிர்ப்பக்கத்துக் கட்டடத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்தேன். நடுவும் சரி, ஓரமும் சரி, எழுத்து நல்லாத்தான் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தாச்சு. எங்க வீடு மயிலாப்பூர். மொட்டை மாடியில் நின்னா கபாலீசுவரர் கோயில் கோபுரம் தெரியும். தை மாசம், மேகம் இல்லாத ராத்திரி. முதலில் கார்த்திகையைப் பார்த்தேன், அறுமீன் கூட்டத்தை. நடுவில் வச்சா ஒவ்வொண்ணும் ஊசி முனை. அப்படியே நகர்த்தி ஓரத்துக்குக் கொண்டுபோனா, ஊசி முனை போயி, சிறகு விரிச்ச குட்டிக் குருவிங்க மாதிரி ஆயிடுச்சு.

என் மகளைக் கூப்பிட்டேன். அவளுக்கு அப்போ 12 வயசு. "இந்த ஓரத்தைப் பாரும்மா, எப்படி இருக்கு?" வாங்கிப் பார்த்தா. "நல்லாத்தானேப்பா இருக்கு" என்றாள். "சரியா பாரு, ஓரத்தில்." "ஓரத்தில்தாம்ப்பா பார்க்கிறேன். புள்ளியாத்தான் இருக்கு. கடைசியில் கொஞ்சம் நீளமா இருக்கு, அவ்வளவுதான்." பொண்ணு அப்பாவைச் சமாதானப்படுத்தச் சொல்றான்னு நினைச்சுக்கிட்டேன்.

மறுநாள் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருபத்திரண்டு இருபத்துமூணு வயசுப் பையன் ஒருத்தர். வாங்கி, வாசலுக்கு வந்து பார்த்தார். "ஓரமும் நல்லா இருக்கே சார்" என்றார். எனக்குக் கோபம் வந்துடுச்சு. "விக்கிறதுக்காகப் பொய் சொல்லாதீங்க தம்பி" என்றேன். அந்த வார்த்தைதான். அவர் முகம் சுருங்கினது இன்னும் ஞாபகம் இருக்கு. அவர் பொய் சொல்லலை என்பது எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆச்சு.

தோசைக்கல்லும் வாணலியும்

முதலில் ஓரத்தில் என்ன நடக்குதுன்னு பார்த்துடலாம்.

பைனாகுலரின் முன்பக்கப் பெரிய வில்லை, அதாவது ஆப்ஜெக்டிவ், உள்ளே ஒரு பிம்பத்தை உண்டாக்குது. அந்தப் பிம்பத்தை ஐபீஸ், அதாவது கண்பக்கம் இருக்கிற வில்லைத் தொகுதி, ஒரு பூதக்கண்ணாடி மாதிரிப் பெரிசாக்கிக் காட்டுது. அந்தப் பிம்பம் தட்டையா, தோசைக்கல் மாதிரி ஒரு பரப்பில் விழும்னு நாம நினைச்சுக்கறோம். உண்மையில் அது விழறது வாணலி மாதிரி வளைஞ்ச ஒரு பரப்பில். இதுக்குப் பேர்தான் ஃபீல்ட் கர்வேச்சர். தமிழில் புல வளைவுன்னு சொல்லலாம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. ஆப்ஜெக்டிவ் ஒரு வாணலியை உண்டாக்குதுன்னா, ஐபீஸுக்கும் தனக்கே உரிய ஒரு வாணலி உண்டு. அந்தப் பரப்பில் இருக்கிறதைத்தான் அது தெளிவாக் காட்டும். இந்த இரண்டு வாணலியும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடங்கி உட்கார்ந்தா பிரச்சினையே இல்லை. ஆனா சாதாரண அமைப்பில் அடிப்பக்கம் அடிப்பக்கத்தைத் தொடற மாதிரி, முதுகோடு முதுகு நிக்குது. நடுவில் தொடுது, ஓரத்தில் விலகிப்போகுது. அதனால நடுவை ஃபோகஸ் பண்ணினா ஓரம் போயிடும், ஓரத்தைப் பண்ணினா நடு போயிடும்.

வில்லை எவ்வளவு வலுவோ, அதாவது குவியதூரம் எவ்வளவு குறைவோ, வாணலி அவ்வளவு ஆழம். ஐபீஸ் குவியதூரம் ரொம்பச் சின்னது. அதனால பைனாகுலரில் பெரும்பாலான தப்பு ஐபீஸ் பக்கத்திலிருந்துதான் வருது. முன்வில்லையை மட்டும் பார்த்து "நல்ல கண்ணாடி"ன்னு வாங்கினா ஏமாந்துபோறதுக்கு இதுதான் காரணம்.

இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினவர் ஜோசஃப் பெட்ஸ்வால். 1840இல் வியன்னாவில் உருவப்படம் எடுக்கிறதுக்குன்னே ஒரு லென்ஸை வடிவமைச்சவர். அது அந்தக் காலத்துக்கு ரொம்ப வேகமான லென்ஸ். முகம் பளிச்சுன்னு இருக்கும், ஓரம் கரைஞ்சு போகும். முகத்துக்கு அது அழகு, நட்சத்திரத்துக்கு அழகில்லை. அவர் கண்டுபிடிச்ச முக்கியமான விஷயம் இது: புல வளைவில் ஒரு வில்லையின் பங்கு, அதன் வலுவையும் கண்ணாடியின் வகையையும் மட்டும்தான் பொறுத்தது. அந்த வில்லையை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது இல்லை.

அதனால ஒரு தந்திரம் பண்ணலாம். பிம்பம் விழற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு குழிவில்லையை வச்சா, அது உருப்பெருக்கத்தை அவ்வளவா மாத்தாது, ஆனா வளைவில் தன் முழுப் பங்கையும் எதிர்த்திசையில் கொடுத்துடும். இதுதான் ஃபீல்ட் ஃப்ளாட்டனர். ஸ்காட்லாந்தின் அரசு வானியலாளராக இருந்த சார்லஸ் பியாஸி ஸ்மித் 1870களிலேயே இந்த யோசனையைச் சொல்லிட்டார். இன்னிக்கு கேனான் ஐஎஸ், ஸ்வரோவ்ஸ்கி மாதிரி பைனாகுலர்களில் "ஃப்ளாட் ஃபீல்ட்"னு போட்டு விக்கிறாங்களே, அடிப்படை அதேதான்.

நுங்கம்பாக்கத்திலிருந்து காவலூருக்கு

நம்ம ஊரில் இந்தக் கதைக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு. நுங்கம்பாக்கத்தில் இப்போ வானிலை ஆய்வு மையம் இருக்கிற வளாகத்தில்தான் 1792இல் மெட்ராஸ் வானாய்வகம் கட்டினாங்க. அங்கே 1861இல் வந்து சேர்ந்தவர் நார்மன் பாக்சன். அதே வருஷம் ஒரு சிறுகோளைக் கண்டுபிடிச்சு, அதுக்கு "ஆசியா"ன்னு பேர் வச்சார். இங்கே அவர் கண்டுபிடிச்சது மொத்தம் ஐந்து. கடைசியா 1885இல் "வேரா".

அவர் வேலை செஞ்ச முறையைக் கவனிங்க. தொலைநோக்கியில் கண்ணை வச்சு, வானத்தையும் வரைபடத்தையும் ஒப்பிட்டு, புதுசா ஒரு புள்ளி இருக்கான்னு தேடறது. சந்தேகம் வந்தா அந்தப் புள்ளியை நடுவுக்குக் கொண்டுவந்து பார்த்தாப் போதும். ஓரம் கலங்கினா பெரிய நஷ்டம் இல்லை.

புகைப்படம் வந்ததும் நிலைமை மாறிடுச்சு. புகைப்படத் தகட்டுக்கு நடு, ஓரம்னு கிடையாது. எல்லா இடத்தையும் ஒரே நேரத்தில் பதிவு பண்ணியாகணும். 1887இல் பாரிஸில் கூடி, முழு வானத்தையும் படம் எடுக்கத் திட்டம் போட்டாங்க. பின்னாளில் ஹைதராபாத்தின் நிஜாமியா வானாய்வகமும் அதில் சேர்ந்தது. அதில் ஒரு தகட்டுக்கு வெறும் இரண்டு பாகைக்கு இரண்டு பாகை வானம்தான். அதுக்கு மேல போனா ஓரம் தாங்காது.

1930 வாக்கில் ஹாம்பர்க்கில் பெர்ன்ஹார்ட் ஷ்மிட் என்பவர் வேற வழியில் யோசிச்சார். வாணலியைத் தோசைக்கல் ஆக்க அவர் முயற்சியே பண்ணலை. பிம்பம் வளைஞ்சு விழுதா, ஃபிலிமையும் அதே அளவுக்கு வளைச்சு வச்சுடு என்றார். அதனால பல பாகை அகல வானத்தை ஓரம்வரைக்கும் கூர்மையா எடுக்க முடிஞ்சது. வாணியம்பாடிக்குப் பக்கத்தில், ஜவ்வாது மலையில் இருக்கிற காவலூர் வானாய்வகத்தில் அப்படி ஒரு ஷ்மிட் தொலைநோக்கி உண்டு. அதை வச்சு ஆர். ராஜமோகன் "கல்கி" என்கிற பேரில் சிறுகோள் தேடினார். 1988 பிப்ரவரியில் ஒண்ணு கிடைச்சது. அதுக்கு "ராமானுஜன்"னு பேர், எண் 4130. பாக்சனின் வேராவுக்கு நூறு வருஷத்துக்கும் மேல கழிச்சு இந்தியாவிலிருந்து இன்னொரு சிறுகோள்.

அதே 1988இல்தான் கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம் திறந்தாங்க. அங்கே போயிருந்தா அண்ணாந்து பார்த்திருப்பீங்க, திரை தட்டையா இல்லை, குவிமாடம். வளைஞ்சதை வளைஞ்சதாவே ஏத்துக்கிட்டா சில காரியம் சுலபம்.

அந்த வளைவை யார் ஈடுகட்டறாங்க?

இப்போ மொட்டை மாடிக்குத் திரும்பி வருவோம். ஒரே பைனாகுலர், ஒரே வானம். எனக்குக் குருவி, மகளுக்குப் புள்ளி. எப்படி?

நம்ம கண்ணுக்குள்ள ஒரு வில்லை இருக்கு. அது தன் வலுவைத் தானே மாத்திக்கும். புத்தகத்தைப் பார்க்கும்போது கூட்டிக்கும், கோபுரத்தைப் பார்க்கும்போது குறைச்சுக்கும். இந்தத் திறனை டயாப்டர் கணக்கில் அளக்கறாங்க. 10 வயசில் சுமார் 12 டயாப்டர் இருக்கும். 60 வயசில் சுமார் 1தான் மிஞ்சும். நாற்பதைத் தாண்டினதும் செய்தித்தாளைக் கையை நீட்டிப் படிக்கறோமே, அதுக்குக் காரணம் இதுதான்.

ஒரு பைனாகுலரில் நடுவுக்கும் ஓரத்துக்கும் இரண்டு டயாப்டர் வித்தியாசம்னு உதாரணத்துக்கு வச்சுக்குவோம். 12 இருக்கிற கண்ணுக்கு இரண்டு ஒரு செலவே இல்லை. என் கண்ணுக்கு அது கையிருப்பு மொத்தமும், ஒருவேளை அதுக்கு மேலயும்.

ஆனா இதில் ஒரு நுணுக்கம் இருக்கு. கண் ஒரு திசையில்தான் ஈடுகட்டும். வலுவைக் கூட்டிக்க முடியும். முழுசாத் தளர்ந்த நிலைக்குக் கீழே குறைச்சுக்க முடியாது. கண்ணைத் தளர்த்தி, நடு நட்சத்திரத்துக்கு நான் கச்சிதமா ஃபோகஸ் வச்சுட்டா, ஓரத்திலிருந்து வர்ற ஒளி ஏற்கெனவே குவிஞ்சுகிட்டே வருது. அதைச் சின்ன வயசுக் கண்ணாலயும் சரிபண்ண முடியாது. அப்போ மகளுக்கும் குருவிதானே தெரிஞ்சிருக்கணும்?

இந்த இடத்தில் நான் ரொம்ப நாள் முட்டிக்கிட்டு நின்னேன். அப்புறம் ஒரு ராத்திரி அவ கையில் கொடுத்துட்டு, வானத்தைப் பார்க்காம அவ கையைப் பார்த்தேன். வாங்கினவுடனே ஆள்காட்டி விரலால் ஃபோகஸ் சக்கரத்தை லேசா ஒரு திருப்பு. அவளுக்கே தெரியாம பண்றா. ஓரம் தெளிவா வர்ற மாதிரி சக்கரத்தை வச்சுக்கிட்டு, நடுவைப் பார்க்கும்போது கண்ணைக் கொஞ்சம் இறுக்கிக்கிறா. அவ கண்ணுக்கு அது ஒரு வேலையாவே தெரியலை. பைனாகுலரின் வளைவை அவ கண் சுமந்துகிட்டு இருக்கு. எனக்காகச் சுமக்க என் கண்ணில் இப்போ யாரும் இல்லை.

கடைப் பையன் விஷயத்தில் இன்னொண்ணும் சேர்ந்துக்குது. பகல். சென்னை வெயிலில் நம்ம கண்ணின் பாப்பா இரண்டு, இரண்டரை மில்லிமீட்டருக்குச் சுருங்கிடும். 10x50 பைனாகுலரிலிருந்து வெளியே வர்ற ஒளிக்கற்றை ஐந்து மில்லிமீட்டர் அகலம். அதில் நடுப்பகுதி மட்டும்தான் கண்ணுக்குள்ள போகுது. அதாவது மத்தியானத்தில் உங்க 50 மில்லிமீட்டர் பைனாகுலர், 25 மில்லிமீட்டர் பைனாகுலராத்தான் வேலை செய்யுது. கேமராவில் துளையைச் சுருக்கினா எல்லாம் தெளிவாகுமே, அதே மாதிரி ஓரத்துத் தப்பெல்லாம் ஒளிஞ்சுக்கும். ராத்திரி பாப்பா விரியும்போதுதான் முழு வில்லையும் வேலைக்கு வருது, முழுத் தப்பும் வெளியே வருது. கடை வாசலில் நான் முதல்நாள் "நல்லா இருக்கு"ன்னு சொன்னேனே, நானும் பொய் சொல்லலை.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

சரி, உங்க பைனாகுலரை எப்படிச் சோதிக்கறது?

ஒரு முக்காலியில் மாட்டுங்க, இல்லை கைப்பிடிச் சுவர் மேல ஊனிக்கோங்க. பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை நடுவில் வச்சு ஃபோகஸ் பண்ணுங்க. பைனாகுலரை நகர்த்தி அதே நட்சத்திரத்தை ஓரத்துக்குக் கொண்டுபோங்க. கலங்குதா? இப்போ சக்கரத்தை மெதுவாத் திருப்புங்க. திரும்பவும் புள்ளியாயிடுச்சுன்னா அது சுத்தமான புல வளைவு. எப்படித் திருப்பினாலும் புள்ளி ஆகாம, ஒரு பக்கம் கோடாவும், இன்னும் திருப்பினா குறுக்குக் கோடாவும் மாறுதுன்னா அது ஆஸ்டிக்மாடிசம். வால் வச்ச மாதிரி இருந்தா கோமா. பெரும்பாலான பைனாகுலரில் எல்லாம் கலந்துதான் இருக்கும். என்னுடையதில் முக்கால்வாசி வளைவு, கடைசி விளிம்பில் ஆஸ்டிக்மாடிசம். மகள் "கடைசியில் கொஞ்சம் நீளமா இருக்கு"ன்னு சொன்னாளே, அது இதுதான். வளைவைக் கண்ணால் ஈடுகட்டலாம், ஆஸ்டிக்மாடிசத்தை முடியாது. பன்னிரண்டு வயசுப் பொண்ணு ஒரே வாக்கியத்தில் சரியாச் சொல்லியிருக்கா. நான்தான் காதில் வாங்கலை.

பகலில் சோதிக்கணும்னா கோபுரம் நல்ல இலக்கு. கபாலீசுவரர் கோபுரம் சுமார் 120 அடி, அதாவது 37 மீட்டர். அரை கிலோமீட்டர் தள்ளி நின்னா சுமார் நாலே கால் பாகை. ஆறரை பாகைப் புலத்தில் மூணில் இரண்டு பங்கு. நடுநிலையை ஃபோகஸ் பண்ணிட்டு கலசத்தைப் பாருங்க. வெயில் நேரத்தில் வேண்டாம், சாயங்காலம் வெளிச்சம் குறையும்போது பாருங்க. சூரியன் பக்கம் மட்டும் தப்பித்தவறிக்கூடத் திருப்பாதீங்க.

ஒரு எச்சரிக்கை. கண்ணை மட்டும் ஓரத்துக்கு உருட்டினா, பாப்பா ஒளிக்கற்றையை விட்டு விலகி, கறுப்பு நிழல் விழும். அதைப் பைனாகுலர் தப்புன்னு நினைச்சுடாதீங்க.

இப்போ மருந்து. வளைவினால் வர்ற கலங்கல், நடுவிலிருந்து போகிற தூரத்தின் வர்க்கத்தில் வளருது. பாதி தூரத்தில் முழுத் தப்பில் கால் பங்குதான். எழுபது சதவீத தூரத்தில் பாதி. அதனால நடு நட்சத்திரத்தில் ஃபோகஸ் வைக்காதீங்க. நடுவுக்கும் ஓரத்துக்கும் பாதி வழியில் இருக்கிற ஒரு நட்சத்திரத்தில், கண்ணைத் தளர்த்தி வச்சுக்கிட்டு ஃபோகஸ் வைங்க. இரண்டு டயாப்டர் உதாரணத்தில், ஓரத்தின் தப்பு ஒன்றரைக்குக் குறையும். நடுவுக்கு அரை டயாப்டர் தேவைப்படும். ஐம்பது வயசுக் கண்ணாலகூட அந்த அரையை ஈடுகட்ட முடியும். நான் இப்போ இப்படித்தான் பார்க்கிறேன். குருவிங்க கடைசி விளிம்புக்குப் போயிடுச்சு.

ஃப்ளாட் ஃபீல்ட் வாங்கணுமா?

இதுதான் அடுத்த கேள்வி. உயர்தர ஃப்ளாட் ஃபீல்ட் பைனாகுலர் லட்சத்தைத் தாண்டும். பறவை பார்க்கிறவங்களுக்கு நான் அவசரப்பட்டுச் சொல்லமாட்டேன். நம்ம கண்ணே நடுவில் ஒரு சின்ன வட்டத்தில்தான் கூர்மையாப் பார்க்குது. பறவையை நாம எப்பவும் நடுவுக்குக் கொண்டுவந்துதான் பார்க்கிறோம். இன்னொண்ணு, அடையாறு கழிமுகத்தில் உடைந்த பாலத்துப் பக்கம் நின்னு சேத்துப் பரப்பைப் பாருங்க. நடுவில் தூரத்துப் பவளக்கால் உள்ளான். புலத்தின் கீழ் ஓரத்தில் தெரியறது உங்களுக்குக் கிட்ட இருக்கிற சேறு. வளைவு உள்ள பைனாகுலர், ஓரத்தில் கிட்ட இருக்கிறதைத்தான் தெளிவாக் காட்டும். அதனால முன்னால இருக்கிற தரையும் தெளிவா விழும். அங்கே வளைவு நமக்கு உதவிதான் பண்ணுது.

நட்சத்திரம் பார்க்கிறவங்களுக்கு, அதுவும் நாற்பத்தைந்து தாண்டினவங்களுக்கு, காசு இருந்தா ஃப்ளாட் ஃபீல்ட் நிஜமாவே வித்தியாசம் காட்டும். வானத்தில் எல்லாமே ஒரே தூரம், கண் புலம் முழுக்க அலையும். ஆனா ஒண்ணு. புலம் தட்டையா இருக்கிறதும், நேர்கோடு நேரா இருக்கிறதும் வேற வேற. சில ஃப்ளாட் ஃபீல்ட் மாடல்களில் கோடும் நேரா இருக்கும்படி செஞ்சிருப்பாங்க. அதை வச்சு பக்கவாட்டில் வேகமா நகர்த்தினா, காட்சி ஒரு உருண்டை மேல ஒட்டி உருள்ற மாதிரி சிலருக்குத் தலை சுத்தும். சிலருக்கு ஒண்ணும் ஆகாது. அதனால உங்க கண்ணில் வச்சு, முடிஞ்சா ராத்திரியில் பார்த்துட்டு வாங்குங்க. என் கண்ணை நம்பி வாங்காதீங்க.

கடைசியா அந்தக் கடை. இதெல்லாம் புரிஞ்ச பிறகு ஒரு நாள் போனேன். அதே தம்பி அங்கேயே இருந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் ஜாக்கிரதையா நின்னார். "தம்பி, போன வருஷம் நீங்க பொய் சொல்றீங்கன்னு சொன்னேன். நீங்க உங்க கண்ணுக்குத் தெரிஞ்சதைத்தான் சொன்னீங்க. தப்பு என்னோடது" என்றேன். வாணலிக் கதையையும் சொன்னேன். முழுசாக் கேட்டார். "அப்போ வயசானவங்க வந்தா நான் என்ன சார் சொல்லணும்?" என்றார். நல்ல கேள்வி. "ராத்திரி மாடியில் வச்சுப் பாருங்க, பிடிக்கலைன்னா மூணு நாளில் கொண்டுவாங்கன்னு சொல்லுங்க" என்றேன். அவர் சிரிச்சு, "அதை முதலாளிகிட்ட நீங்களே சொல்லுங்க சார்" என்றார்.

அடுத்த எபிசோடில் இரண்டு குழாயும் ஒரே திசையைப் பார்க்கலைன்னா என்ன ஆகும், அதாவது கொலிமேஷன் பற்றிப் பேசலாம். அதுவரை வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை கையிலும் ஒரு பெரியவர் கையிலும் ஒரே பைனாகுலரைக் கொடுத்து, ஓரம் எப்படி இருக்குன்னு கேளுங்க. இரண்டு பேரும் சொல்றதைக் குறிச்சு வச்சு அனுப்புங்க. இரண்டையும் நம்புங்க.